இறைவன் எம்மொழியில் பேசினான்?

கொடைமலையின் அடிவாரத்தில் உள்ள கெங்குவார்பட்டியில், ஒரு கருமாதி வீட்டில், மகனைப் பறிகொடுத்த முதிய தாயொருத்தி எம்மை நோக்கி ஒரு வினா விடுத்தாள். சடங்கு செய்விக்க வந்தவர் அரைமணி நேரம் வடமொழியில் எதையோ ஓதி, எள்ளும் நீரும் இறைக்கச் செய்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு அப்பொழுதுதான் எழுந்து போயிருந்தார். அவர் தலை மறைந்ததும் அத்தாய் கேட்டாள்:

"ஏய்யா, அவரு சொன்னதுல எம் மகன் பேரு மட்டுந்தான் எனக்கு வெளங்குச்சு. மத்ததெல்லாம் யாருக்குச் சொன்னாரு? சாமிக்குத் தமிழு தெரியாதா?"

கற்றோர் அவையில் எழுந்த வினா அன்று இது. ஏடறியாத ஒரு தாயின் வயிற்றெரிச்சலிலிருந்து எழுந்த வினா. ஆயினும், உலகத்துச் சமயங்கள் அனைத்தும் விடைசொல்லக் கடமைப்பட்ட வினா இதுவே. இறைவன் பேசினான் என்கின்றனர். பேசினான் எனின் எம்மொழியில் பேசினான்? அம்மொழி அறியாதார் அவனுக்கு யார்? பிள்ளைகளா, அயலாரா?

இறைவன் உண்டா இல்லையா என்னும் சொற்போருக்கு ஈண்டு நாம் வரவில்லை. நம்புவோர் நம்புக, மறுப்போர் மறுக்க. இறைவன் பேரால் ஒரு மொழியை அரியணையில் ஏற்றி, மற்றொரு மொழியை வாயிற்படியில் நிறுத்தும் கொடுமையைப் பற்றியே நம் வழக்கு. அவ்வழக்கின் வேர், நூல்கள் இறைவன் வாயிலிருந்து வந்தன என்னும் கொள்கையில் உள்ளது. ஆகலின் அவ்வேரையே தோண்டிப் பார்ப்போம்.

மூன்று சமயங்களின் மூவகைக் கூற்று

மேலையாசியாவில் தோன்றிய மூன்று சமயங்களும் இறைமொழிக் கொள்கையை ஒரே வகையாய்க் கூறவில்லை என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

யூதர், 'தோரா' எனப்படும் தம் ஐந்நூல்களும் மோசே வழியாக வானினின்று வந்தவை என்பர். அதனை மறுப்பவனுக்கு மறுமையிற் பங்கில்லை என்பதும் அவர்தம் பழைய சட்டநூலின் முடிவு. ஆனால், அவ்வைந்நூல்களின் இறுதிப் பகுதியிலேயே மோசேயின் சாவு எழுதப்பட்டுள்ளது. தன் சாவைத் தானே எழுதுவது யாங்ஙனம்? இவ்வினாவை எழுப்பியவர் பகைவரல்லர், யூத அறிஞரே. அவ்வெட்டு உரைத்தொடர்களையும் யோசுவா எழுதினான் என்றனர் ஒரு சாரார். இறைவன் சொல்லச் சொல்ல மோசேயே கண்ணீருடன் எழுதினான் என்றனர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்தையும் மறையாமல் தால்முது என்னும் தம் பெருநூலில் எழுதிவைத்தனர். ஐயத்தை அஞ்சாத அந்நேர்மையை நாம் போற்றுகின்றோம்.

கிறித்தவர், மறைநூல் இறைமூச்சால் ஆயது என்பர். பவுல் பெயரால் வழங்கும் ஒரு திருமுகத்தில் வரும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் அதுவே. இறைவன் ஊதினான், மாந்தன் எழுதினான் என்பது கருத்து. ஆயினும், உலூக்கா தம் நற்செய்தியின் முகப்பிலேயே, முன்னோர் கூறியவற்றையெல்லாம் ஆராய்ந்து ஒழுங்குபட எழுதுவதாகத் தெரிவிக்கின்றார். பவுலோ ஓரிடத்தில், மணவாழ்க்கை பற்றித் தாம் கூறுவது தம் கருத்தேயன்றி ஆண்டவர் கட்டளையன்று எனப் பிரித்துக் காட்டுகின்றார். எழுதியவர்க்கு இருந்த அடக்கம், பிற்காலத்தில் எழுத்தெண்ணி ஓதியவர்க்கு இல்லாமற் போயிற்று. 1965இல் இரண்டாம் வத்திக்கான் பேரவை, மறைநூலை எழுதிய மாந்தரும் மெய்யான ஆசிரியரே என்று ஒப்பியுரைக்க வேண்டியதாயிற்று.

இசுலாம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. குர்ஆன் நபியின் நூலன்று. இறைவனின் பேச்சே என்பது அதன் கொள்கை. கி.பி. 610 முதல் 632 வரை ஏறத்தாழ 23 ஆண்டுகளில் அரபி மொழியில் அது சிறிது சிறிதாக அருளப்பட்டது என்பர். அங்கும் வினா ஓயவில்லை. அப்பேச்சு இறைவனாற் படைக்கப்பட்டதா, அன்றி அவனோடு என்றும் உள்ளதா என்னும் சொற்போர் பாகுதாதில் மூண்டது. படைக்கப்பட்டதே என்று அனைவரும் ஒப்புக்கொள்ள வேண்டுமெனக் கலீபா மாமூன் 833இல் ஆணையிட்டான். மறுத்த அகமது இபின் அன்பல் என்னும் பேரறிஞர் சிறைப்பட்டார். அடுத்த கலீபாவின் ஆட்சியில் கசையடியும் பட்டார். கருத்தைக் கசையால் அளக்கப் புகுந்த அரசு தோற்றது, அறிஞர் நின்றார்.

இம்மூன்றாலும் நாம் பெறுவது யாது? இறைமொழி என்று கொள்ளப்பட்ட நூல்களையும் மாந்தன் ஆராய்ந்தே வந்துள்ளான். தந்தவன் யாராயினும், வாங்கியவை மாந்தன் காதும் மாந்தன் நாவும் மாந்தன் கையுமே. மாந்தன் நாவிற்கு மொழியின்றி இயக்கமில்லை.

மொழியைப் பூட்டியவர் யார்?

இனி மொழிக்கு வருவோம். யூதரின் நூற்றொகுதி முற்றும் எபிரேயத்தில் இல்லை. தானியேல், எசுரா நூல்களின் சில பகுதிகள் அரமேயத்தில் உள்ளன. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதர் எபிரேயம் மறந்தனர். கிரேக்கமே அவர்தம் வீட்டு மொழியாயிற்று. உடனே தோராவைக் கிரேக்கத்தில் பெயர்த்தனர். பெயர்த்தவர் எழுபத்திருவர் என்பது வழிவழிக் கதை. அம்மொழிபெயர்ப்பாளரும் இறையேவல் பெற்றோரே என்றான் பிலோ என்னும் யூத மெய்யறிஞன். கருத்தைக் கூர்ந்து நோக்குக: மக்கள் மொழி மாறியபோது இறைவனும் அம்மொழிக்கு இறங்கி வந்தான் என்று அவர் கொண்டனர், மக்களை மொழிப்படியேறி வருமாறு விரட்டவில்லை.

இயேசு பேசியது அரமேயம். அவர் வரலாறு எழுதப்பட்டது கிரேக்கத்தில். அவர் மொழிந்தவை, அவர் மொழியிலேயே நமக்குக் கிட்டியவை ஒருசில சொற்களே. ஆகவே, கிறித்தவம் பிறக்கும்போதே மொழிபெயர்ப்பாகப் பிறந்த சமயம். அத்தகைய சமயம் பின்னர் இலத்தீனில் தன்னைப் பூட்டிக்கொண்டதை என்னென்பது! ஆங்கிலத்தில் மறைநூலைப் பெயர்த்த திண்டேல் 1536இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார், உடலும் எரிக்கப்பட்டது. பத்தாண்டு கழித்துத் திரெந்துப் பேரவை இலத்தீன் மொழிபெயர்ப்பையே ஒப்புகைபெற்ற நூலாக அறிவித்தது. உலகெங்கும் போலவே நம் கம்பம் பள்ளத்தாக்கின் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டிக் கத்தோலிக்கக் குடிகளும் இலத்தீன் திருப்பலியைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்றிருந்தது. தாய்மொழி வழிபாட்டுக்கு 1963இல் வத்திக்கான் பேரவை கதவைத் திறந்தது. வானம் இடிந்து வீழ்ந்துவிட்டதா? வழிபாடு உயிர்பெற்றது!

குர்ஆனும், எந்தத் தூதரும் தம் மக்களின் மொழியிலன்றி அனுப்பப்படவில்லை என்னும் கருத்தைத் தானே கூறுகின்றது. அரபியர்க்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே அது அரபியில் வந்தது எனில், அரபியின் பெருமை விளக்கத்தில் உள்ளதேயன்றி ஒலியில் இல்லை என்பது தெளிவு. தொழுகையை அரபியில் நடத்துவது அவர்தம் நெறி. அதில் நாம் தலையிடோம். ஆனால், உத்தமபாளையத்து இசுலாமியன் வீட்டில் பேசுவது தமிழ். அவன் கனவிலும் பேசுவது தமிழ். நபியின் வரலாற்றைச் சீறாப்புராணமாக உமறுப்புலவர் பாடியதும் தமிழில். குர்ஆனை முழுமையாகத் தமிழாக்கிய அப்துல் அமீது பாகவி போன்றோர், தம் நெறிக்கும் தமிழுக்கும் ஒருங்கே தொண்டாற்றினர்.

ஆரியப் பூட்டு

மேற்கூறிய மூன்று சமயங்களிடமும் ஒரு நன்மை உண்டு. அவை தம் நூலை எல்லாரும் கேட்க வேண்டுமென்று விழைந்தன. கடல்கடந்து வந்து நம் மொழியைக் கற்றேனும் நம் காதில் ஓதின. கேளாதே என்று காதைப் பொத்தவில்லை.

நம் தலைமேல் ஏறியமர்ந்த ஆரியமோ எதிர்மாறானது. வேதம் இறைவன் பேசியதும் அன்று. யாரும் இயற்றாமல் என்றும் உள்ளது என்பது மீமாஞ்சகர் கொள்கை. ஆசிரியனே இல்லை எனில் வினவுவது யாரை? மறுப்பது யாரை? வினாவுக்கு இடமே இல்லாதபடி சுற்றிலும் எழுப்பிய மதில் அது! ஆனால், இருக்கு வேதப் பாடல்களோ வேறு செய்தி சொல்கின்றன. கைவல்ல தச்சன் தேர் செய்வதுபோல் இப்பாடலைச் செய்தோம் என்னும் உவமை அவற்றுள் பயின்று வருகின்றது. பாடியவனே தான் பாடினேன் என்கின்றான். பின்வந்தவன், அவன் பாடவில்லை என்று அடித்துப் பேசுகின்றான்!

அதனினும் கொடிது அடுத்தது. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுமாறு கவுதமர் பெயரால் வழங்கும் தருமநூல் விதிக்கின்றது. எல்லாம் ஒன்றே எனப் பறைசாற்றிய சங்கரரும், சூத்திரர்க்கு வேதவுரிமை இல்லை என்று காட்ட, தம் பேருரையில் அவ்விதியைச் சான்றாக எடுத்தாள்கின்றார். அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! யூதன் தன் பிள்ளை கிரேக்கம் பேசினான் என்று நூலைக் கிரேக்கமாக்கினான். ஆரியனோ, கேட்டவன் காதையே தூர்க்கச் சொன்னான். முன்னது மொழியைத் திறந்தது. பின்னது செவியை அடைத்தது. கெங்குவார்பட்டித் தாயின் காதில் இன்று ஈயம் இல்லை. ஆனால் விளங்காத மொழி ஊற்றப்படுகின்றது. இரண்டின் பயனும் ஒன்றே.

தமிழன் கண்ட மறைமொழி

இறைமொழி பற்றித் தமிழன் என்ன எண்ணினான்? தொல்காப்பியர் மந்திரத்துக்கு இலக்கணம் வகுத்தபோது, அஃது நிறைமொழி மாந்தரின் ஆணையிற் பிறக்கும் மறைமொழி என்றார். மாந்தர் என்னும் சொல்லை நோக்குக! வானினின்று விழுந்தது என்றாரா? யாரும் செய்யாதது என்றாரா? இல்லை. நிறைந்த சொல்லுடைய மாந்தன் வாயிற் பிறப்பதே மந்திரம் என்றார். வள்ளுவரும் அவ்வழியே நின்றார்; சொன்னவரைப் பாராமல் சொல்லின் மெய்ப்பொருளைப் பார்க்கவும் கற்பித்தார். தம் நூலில் ஓரிடத்தும், இது இறைவன் எனக்குச் சொன்னது என்று அவர் கூறினாரில்லை. அந்நூலைப் பிறர் தெய்வநூல் என்றனர்; அவர் சொல்லவில்லை.

நம்மிடமும் இறைவன் எழுதிய நூலென ஒன்றுண்டு. பாண்டிநாட்டில் பன்னீராண்டு வற்கடம் நீங்கியபின், பொருளிலக்கணம் வல்லார் கிடையாமல் அரசன் வருந்த, ஆலவாய் இறைவனே 60 நூற்பாக்களைச் செப்பிதழில் எழுதித் தன் பீடத்தின்கீழ் வைத்தான் என்பது இறையனார் அகப்பொருளைப் பற்றிய கதை. கதைதான், வரலாறன்று. ஆயினும் கதையிலும் இனத்தின் உள்ளம் தெரியும். இறைவன் எழுதிய அந்நூலுக்கு மெய்யுரை காண வேண்டியபோது, தமிழ்ப்புலவர் யாரிடம் சென்றனர்? குருக்களிடமா? வாய் பேசாத ஒரு சிறுவன் முன் அமர்ந்து உரை சொன்னார்கள். எவ்வுரையைக் கேட்டு அவன் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தானோ, அதுவே மெய்யுரை என்று கொண்டார்கள். அவன் கண்ணீரே தீர்ப்பு! மற்றொரு கதையில், பாட்டெழுதி வந்தவன் நெற்றிக்கண்ணுடைய இறைவனே எனினும், குற்றம் குற்றமே என்று நின்றான் நக்கீரன். இறைவனும் புலவனாக வந்தால் தமிழ்க் கழகத்தின் ஆய்வுக்கு உட்பட்டவனே என்பது இக்கதைகளின் உட்கிடை.

இக்கொள்கைக்குக் கற்சான்றும் உண்டு. அது நம் தேனி மாவட்டத்திலேயே உண்டு. வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டெடுத்த நடுகற்கள், கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளின் தமிழி எழுத்துடையவை. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில் மாண்ட அந்தவன் என்பானின் கல். சீனாய் மலையில் இறைவன் விரலால் கல்லில் எழுதினான் என்பர். வைகைக் கரையில் மாந்தன், தன்னோடு வாழ்ந்து மாண்ட மாந்தனுக்காக, தன் கையால், தன் மொழியில் கல்லில் எழுதினான். மாண்டவன் பெயரையும் அவன் மாண்ட கரணியத்தையும் ஊரார் அறியும் சொல்லால் எழுதிய மண்ணில், இன்று மாண்டவன் பெயர் தவிர மற்றொன்றும் விளங்காத சடங்கு நடக்கின்றது! ஈராயிரம் ஆண்டில் நாம் ஏறினோமா, இறங்கினோமா?

நம்முள்ளும் ஒரு நோய்

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஒரு சொல். சிவன் உடுக்கையின் ஒருபுறம் தமிழும் மறுபுறம் வடமொழியும் பிறந்தன என்று மேடையில் முழங்கும் தமிழன்பர் உள்ளனர். அகத்தியனுக்கு இறைவன் தமிழ் கற்பித்தான் என்று மகிழ்வோரும் உள்ளனர். பகைவனின் நோயை வாங்கி நாம் அணியாகப் பூணுவதா? தமிழ், மாந்தன் நாவில் முகிழ்த்த மொழி. உழைத்தவனும் உழுதவளும் தாலாட்டியவளும் ஆக்கிய மொழி. அதுவே அதன் பெருமை. கடவுள் தந்தது என்று சொல்லித் தமிழை உயர்த்தப் புகுவோன், கடவுள் தந்தது என்று சொல்லி வடமொழியை உயர்த்துவோனுக்கு மறுமொழி சொல்லும் வாயை இழக்கின்றான்.

தமிழ்க் கிறித்தவர்க்கும் ஒரு வேண்டுகோள். 1578இல் கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகளார் அச்சிட்ட முதற்றமிழ்ப் பொத்தகத்தின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. எத்துணை இனிய தமிழ்! பின்னர் வந்தவர்களோ தம் நூலுக்குப் 'பரிசுத்த வேதாகமம்' எனப் பெயரிட்டனர். பரிசுத்தமும் வேதமும் ஆகமமும் எவர் சொற்கள்? எபிரேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேரே தமிழுக்கு வந்திருக்க வேண்டிய நூலை, ஆரியத் தெரு வழியாகச் சுற்றி அழைத்து வந்தனர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'திருவிவிலியம்' எனப் பெயர் தாங்கியது நன்று; அவ்வழியே மேலும் செல்க. தனித்தமிழ் ஞாயிறாம் பாவாணர் கிறித்தவக் குடியிற் பிறந்தவரே என்பதை மறவற்க. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், கிறித்தவத்தைக் கடிந்த சிவனியர். அவரே பெர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தார். அது 1850இல் அச்சாயிற்று. இறைமூச்சு எழுத்தில்தான் உள்ளதெனின், சிவனியர் ஒருவர் தேர்ந்த தமிழ்ச்சொல்லில் அது யாங்ஙனம் புகுந்தது? புகுந்ததென்று அவர்கள் நம்பி ஓதினர். எனவே, எந்நாவும் இறைமொழிக்குத் தகுதியுடையது, தமிழ்நாவும் தகுதியுடையது.

பூட்டைத் திறக்கும் கை

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களை அமர்த்தி, அதனைக் கல்லிலும் பொறித்தான் அருண்மொழி. அக்கோயிலின் குடமுழுக்கில் தமிழுக்கு இடம் வேண்டி, 2020இல் உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை வரை செல்ல நேர்ந்தது. பிப்பிரவரி 5ஆம் நாள் தமிழும் வடமொழியும் ஆக இருமொழியிலும் அது நடந்தது. தில்லைச் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட, 2008இல் அரசாணையும் காவற்படையும் வேண்டியிருந்தன. தன் வீட்டு வாயிலில் தானே விருந்தினனாக நிற்கும் இனம் உலகில் வேறெது?

2021இல் கோயில்களில் தமிழ்ப் போற்றி வழிபாட்டுக்கு அரசு ஏற்பாடு செய்தது. எல்லாக் குலத்தாரிலும் பயின்றோர் சிலர் பூசகராயினர். வரவேற்கின்றோம். ஆனால், கேட்பவர்க்கு மட்டும் தமிழ் என்னும் நிலை போதாது. சோற்றைக் கேட்டவனுக்கு மட்டும் இடுவது தாய் வீடாகாது. வடமொழி வேண்டுவோர் கேட்டுப் பெறட்டும். கேளாமலே கிடைக்க வேண்டியது தமிழ்.

அரசைச் சொல்லி நாம் ஓய்ந்துவிடவும் கூடாது. வீட்டுச் சடங்குக்கு அரசாணை வேண்டுமா? பெயர்சூட்டு, மணவிழா, புதுமனை புகல், நீத்தார் நினைவு ஆகிய நான்கையும் தமிழில் நடத்த நம்மைத் தடுப்பவர் யார்? அச்சமே தடுக்கின்றது. விளங்காத சொல்லில்தான் ஆற்றல் உண்டு என்னும் அச்சம்! தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சி கோயிலில் அடைத்த கதவுக்கே வழிபாடு நடக்கின்றது. கதவு அடைத்திருந்தால் என்ன? அதன்முன் நிற்போர் தம் குறையைத் தம் சொல்லால் முறையிடுகின்றனர். கதவு மூடியிருப்பதில் இழுக்கில்லை. நாவு மூடியிருப்பதிலேயே இழுக்கு.

அத்தாய்க்கு நாம் சொன்ன விடை இதுவே: "அம்மா, எந்தச் சாமிக்கும் தமிழ் தெரியும். தெரியாது என்று சொல்பவர்க்குத்தான் சாமியைத் தெரியாது. உன் மகனைப் பற்றி நீயே சொல்." அவள் சொன்னாள். அவன் பிறந்த மழைநாளையும், மாந்தோப்பில் காவலிருந்ததையும், அவளுக்கு அவன் கடைசியாக வாங்கித் தந்த சேலையையும் ஒப்பாரியாகவே சொன்னாள். வீடு முழுதும் அழுதது. அரைமணி நேர ஓதலுக்கு ஒரு கண்ணும் நனையவில்லை. இவள் சொல்லுக்கு நனையாத கண்ணில்லை. ஆலவாயில் மெய்யுரைக்குத் தீர்ப்பு வழங்கிய கண்ணீரும் இதுவே.

தமிழ இளைஞனே! நூல்கள் வானினின்று வந்தனவா என்பதை அறிஞர் ஆராயட்டும். உன் தாயின் சொல் வானை எட்டாது என்று எவன் சொன்னாலும், அவன் முகத்துக்கு நேரே மறுத்துரை! உன் வீட்டு அடுத்த நிகழ்ச்சி, அது மகிழ்வாயினும் துயராயினும், தமிழில் நடக்கட்டும்!

நிறைமொழி மாந்தர் இனமே, நின் நாவைத் திற!

வெல்க தமிழ்!